கழுவிய கரடிப் பொம்மை

வடபெருங்கோயிலுடையானே, துணை நில். இன்று ஆடிப்பூரம்.

பழைய கரடிப் பொம்மைகளைச் சேகரிக்கும் இராஜபாளையத்துக்காரர் ஒருவர், சென்ற ஆண்டு எங்கள் இல்லம் வந்தார். மெலிந்தவர், எந்தப் பொம்மையையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். என் பாட்டனார் கொழும்பிலிருந்து கொணர்ந்த கரடியை, இனி என் கண்ணில் படவேண்டாமென்று அவரிடம் நீட்டினேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறைதோறும் அணைத்துறங்கியது. கடைசியாக அணைத்தவள், இறந்துபோன என் பேத்தி.

முகர்ந்தவர் முகம் வாடியது. "கழுவிட்டீகளா சாமி?"

"தீட்டுக் கழிக்கும் நாளில் சோப்புப் போட்டு அலசினேன்."

"எங்கிட்ட இருக்க கரடி ஒண்ணையும் நான் கழுவுனதில்ல. பிள்ளை வாசம் அம்புட்டும் போயிருச்சே!"

கரடியை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரையும் கேட்கவில்லை. அன்றுமுதல் பூசைக்குமுன் நானும் அதை முகர்கிறேன். சோப்பு மணமே வருகிறது.

படிப்போர் இல்லங்களில் பிள்ளை மணம் நீங்காதிருக்கட்டும்.