வாய்ஸ் கேட்டால் வெளியே வரும்

பல்லிக்கு இமை கிடையாது. கண்ணைத் திறந்தபடியே சுவரில் கிடக்கும். நான் பார்த்த பல்லியெல்லாம் அப்படித்தான். இது கண்ணை மூடியது. மூடித் திறந்து என்னைப் பார்த்தது.

கையில் விளக்குமாற்றோடு ஒரு அடி பின்னால் போய்விட்டேன்.

கரியாலூரில் நாலு ரூம் உள்ள ஒரு விடுதி. முதலாளி கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். கூட்டுவது, படுக்கை விரிப்பது, சாவி கொடுப்பது, வாங்குவது எல்லாம் நான். விடுதிக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சாமைக் காடு உண்டு. அருவி பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் தங்குவார்கள். இந்தப் பெண் இரண்டு மாதம் என்று சொல்லி வந்தாள். தனியாக. முப்பது வயது இருக்கும். களமருதூர்ப் பக்கம். கடைசி ரூமைக் கேட்டு வாங்கினாள். ஒரு பெட்டி, ஒரு சின்னச் சிலுவை, துணி போட்டு மூடிய ஒரு கண்ணாடித் தொட்டி. அவ்வளவுதான் சாமான்.

மூன்றாம் நாள் கூட்டப் போனபோது துணி விலகியிருந்தது.

"பயப்படாதீங்க அக்கா. கடிக்காது. சிறுத்தைப் பல்லி."

ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. தடித்த வால். கை பிறந்த குழந்தையின் கை மாதிரி விரல் விரலாக இருந்தது. வாய் சிரிக்கிற மாதிரி வளைந்திருந்தது. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கியது. சுவர் ஏறாதாம். சத்தம் போடாதாம்.

"பேரு இன்னா?"

"வைக்கல அக்கா. நான் பேர் வச்சதெல்லாம் போயிடுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ரூமில் டியூப் லைட் பக்கத்தில் எப்போதும் நாலைந்து சுவர்ப் பல்லிகள் இருக்கும். இருட்டினால் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி வந்த பிறகு அவை வாய் திறக்கவில்லை. கூரை மோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தன. ஒரு வாரத்தில் அவையும் இல்லை.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் அவள் கைப்பையோடு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நாலு நாள்ல வந்துடுவேன் அக்கா. அதுவரைக்கும் இதப் பாத்துக்கோங்க."

நான் சுவரைப் பார்த்தேன். பழக்கம். ஒரு பேச்சுப் பேசும்போது பல்லி சொன்னால் அது நடக்கும் என்பார்கள். சுவரில் பல்லியே இல்லை.

ஒரு தாளைக் கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். நான் ஆறாவது வரை படித்தவள். தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

"இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"சரி. போன்ல வாய்ஸ் போடுறேன். தினம் ஒண்ணு."

கார் கிளம்புகிற நேரத்தில் கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் இது உயிரோட இருக்கணும் அக்கா. இது இருந்தா நானும் வந்துடுவேன். அப்படித்தான் நெனச்சிக்கினு போறேன்."

"இருக்கும். போயிட்டு வா பாப்பா."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆடு வளர்த்திருக்கிறேன். கோழி வளர்த்திருக்கிறேன். அதெல்லாம் வேலை. வளர்ப்பதற்கென்றே ஒரு உயிரை வளர்த்ததில்லை. அதன் உயிரோடு இன்னொரு உயிரைச் சேர்த்துக் கட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் டவர் கிடைக்காது. மேட்டுப் பாறைக்கு ஏற வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். மதியம் ஏறினால் போன் டொக்கு டொக்கென்று அடிக்கும். வாய்ஸ் வந்திருக்கும். இறங்கி வந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து போடுவேன். அவள் சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

"அக்கா, நான்தான். பூச்சிய உயிரோடதான் போடணும். செத்தத தொடாது. டப்பாவுல இருக்குற சத்துப் பவுடர்ல பொரட்டிப் போடுங்க. தண்ணி காயக் கூடாது. அதுக்குச் சூடு வேணும், அடியில ஹீட்டர் இருக்கு, ஆஃப் பண்ணிடாதீங்க."

கல்லைப் புரட்டிச் சுவர்க்கோழி பிடித்தேன். சாமைக் காட்டில் தத்துக்கிளி பிடித்தேன். வெள்ளைப் பவுடரில் போட்டுக் குலுக்கினேன்.

"எனக்குக் கூழுக்கு உப்புப் போட மறந்துடுற. பூச்சிக்கு மாவு பொரட்டிக்கினு இருக்க" என்றார் வீட்டுக்காரர்.

"நீ பட்டினி கெடந்தாலும் கெடப்ப. இது செத்துப்பூடும்."

"ஆமாமா. நான் செத்தா ஒனக்கு லாபம்."

தொட்டிக்குள் ஓர் உடைந்த சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பல்லி பகலெல்லாம் அதற்குள் கிடக்கும். நான் கூப்பிட்டால் வராது. தட்டினால் வராது. அவள் குரல் கேட்டால் வரும். முதலில் தலை வரும். பிறகு ஒரு கை. போனைப் பார்த்து நிற்கும். வாய்ஸ் முடிந்ததும் என்னைப் பார்க்கும். கண்ணை மூடித் திறக்கும். பூச்சி வரும் நேரம் அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தப் பொண்ணு வந்துடுச்சா? ரூம்ல பேசிக்கினு இருக்குது."

"போன்."

"விளக்கு போடக் கூடாதா? இருட்டுல ஒக்காந்து கேக்குற. எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சு."

பக்கத்து ரூமில் தங்கிய ஒரு குடும்பமும் கேட்டது. கடைசி ரூமில் யார் தினமும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்று. பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன். மறுநாள் காலையில் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

நாலு நாள் இருபது நாள் ஆனது. வாய்ஸ் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். பின்னால் ஒரு மிஷின் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பேசாத இடத்திலும் அது அடித்தது. பல்லி அந்தச் சத்தத்துக்கும் தலையைத் திருப்பியது.

ஒருநாள் மதியம் போய்ப் பார்த்தேன். பல்லி முழுக்க வெள்ளையாக இருந்தது. புள்ளி இல்லை. மஞ்சள் இல்லை. கோடித் துணி போர்த்திய மாதிரி. செத்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு என்ன ஆனதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பாறைக்கு ஓடினேன். வாய்ஸ் வந்திருந்தது.

"அக்கா, வெள்ளையாச்சுன்னா பயப்படாதீங்க. தோல் உரிக்குது. உரிச்சத அதுவே தின்னுடும்."

அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாள் கணக்கு வைத்திருப்பாள். வேறு என்ன? இறங்கி வந்து பார்த்தேன். தலையிலிருந்து தோலை உரித்து, கையிலிருந்து கையுறை மாதிரி இழுத்து, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து புதுசாக, பளபளவென்று அதே பல்லி வந்தது.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பத்து நாள் விடவில்லை. கரண்ட் போனது. பாறைக்கு ஏற வழியில்லை. ஹீட்டர் இல்லாமல் தொட்டி சில்லிட்டது. அடுப்பில் ஓட்டுத் துண்டைச் சுட்டுத் துணியில் சுற்றி அடியில் வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்றினேன். பல்லி தின்பதை நிறுத்தியது. தடித்த வால் இளைத்தது. சத்தெல்லாம் வாலில்தான் இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். வால் என் சுண்டுவிரல் அளவுக்கு வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

சார்ஜ் தீராமல் அணைத்து வைத்திருந்த போனை எடுத்து, பழைய வாய்ஸைப் போட்டேன். வெளியே வந்தது. நின்றது. காத்திருந்தது. பூச்சியைப் பார்க்கவில்லை. திரும்பப் போய்விட்டது. பிறகு பூச்சியும் கிடைக்கவில்லை. காடெல்லாம் தண்ணீர்.

ஒன்பதாம் நாள் பொழுது இறங்கும்போது ஒரு மின்மினி ஜன்னல் வழியாக வந்தது. தொட்டிக்கு மேலே சுற்றியது. பல்லி தலையைத் தூக்கியது. வெளிச்சம் போகிற பக்கமெல்லாம் தலை போனது. வாலின் நுனி துடித்தது. பசித்தால்தான் அப்படித் துடிக்கும். நான் எழுந்திருப்பதற்குள் மின்மினி போய்விட்டது.

மறுநாள் அதே நேரத்தில் வேலியோரம் ஒன்று பிடித்தேன். பவுடரில் புரட்டவில்லை. வெளிச்சம் மங்கிவிடும். அப்படியே தொட்டிக்குள் விட்டு மூடினேன். மழை நின்றிருந்தது. இளைத்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் தின்னாது என்று அவள் சொன்னது நினைவு வந்தது. இன்று தின்றுவிடும், அவளிடம் சொல்ல வேண்டும் என்று பாறைக்கு ஏறினேன். நல்ல சேதி சொல்லத்தான் போனேன்.

போன் அடித்தது. ஒரே ஒரு வாய்ஸ்.

"அக்கா... அங்க மழைதானே. பூச்சி கெடைக்காது. நீங்க மின்மினி புடிப்பீங்க. எனக்குத் தெரியும். அது மட்டும் வேணாம். அதுக்கு வெஷம். ஒண்ணு போதும்..."

அதன் பிறகு மிஷின் சத்தம் மட்டும்.

வழுக்கிக்கொண்டே இறங்கினேன். முழங்கால் கிழிந்தது. ரூமைத் திறந்தேன். தொட்டி இருட்டாக இருந்தது. வெளிச்சம் இல்லை. தின்றுவிட்டது என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போது சட்டிக்குள் வெளிச்சம் வந்தது. பச்சையாக. சட்டியின் உடைந்த இடம் வழியாகப் பல்லியின் முகம் தெரிந்தது. சிரிக்கிற வாய். மின்மினி அந்த வாய்க்கு நேராக ஒரு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் அணைந்தது. மறுபடி வந்தது. பல்லி இன்னும் கிட்டே இருந்தது.

சட்டியை எடுத்து வீசினேன். மின்மினியைக் கையால் அள்ளினேன். பல்லி துள்ளியது. அதன் வால் என் விரலில் பட்டு அறுந்து விழுந்தது. மணலில் அது தனியாகத் துடித்தது. மின்மினி என் மூடிய கைக்குள் எரிந்து எரிந்து அணைந்தது. விரல் இடுக்கு வழியாக அந்த வெளிச்சத்தில் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் அடங்க நேரமானது.

மறுநாள் காலையில் பாறைக்குப் போய் நான் வாய்ஸ் போட்டேன். "பாப்பா, எடுத்துட்டேன். தின்னல. வாலு மட்டும் பூடுச்சு. திட்டாத." ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை.

மூன்று நாள் கழித்து அவளுடைய அண்ணன் வந்தார். சாமானை எடுக்க. சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அடக்கம் பண்ணி ஒம்போது நாள் ஆச்சுங்க."

மின்மினி நாலு நாளைக்கு முன்னால். அப்போது அவள் மண்ணுக்குள் போய் ஐந்து நாள். விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன்.

அந்த வாய்ஸைப் போட்டுக் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கப்புறம் கொழாய் போட்டுட்டாங்க. பேசல. கடைசியா போனைப் புடிக்கச் சொல்லி யார்கிட்டயோ பேசினான்னு நர்ஸ் சொன்னாங்க. யாருன்னு தெரியாம வூட்ல எல்லாரும் தேடிக்கினு இருக்கோம். போனு லாக் ஆயிருக்குது, யாருக்கும் தொறக்கத் தெரியல." என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மின்மினியா சொன்னா? எங்கம்மா கேப்பாங்களே. நான் இன்னா சொல்றது?"

"டவர் இல்லாத எடம். லேட்டாத்தான் வரும்" என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் அது வரவே வராது. புதுச் சட்டிக்குள்ளிருந்து தலை வந்தது. கை வந்தது. வால் இல்லாத மொட்டை உடம்பு வந்தது. போனைப் பார்த்து நின்றது. பிறகு அவரைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது.

அவர் எழுந்துவிட்டார். சிலுவையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

"இத்த காட்டுல உட்டுடுங்க அக்கா. இல்ல, இன்னா வேணா பண்ணுங்க. எங்க வூட்டுக்கு வேணாம்."

போகும்போது என்னோடு பாறையில் ஏறி அந்த வாய்ஸைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

கடைசி ரூமுக்கு ஆள் வர வேண்டும் என்று முதலாளி சொன்னார். நானும் வீட்டுக்காரருமாகத் தொட்டியைத் தூக்கி எங்கள் வீட்டுக்குள் வைத்தோம்.

"எத்தினி நாளைக்கு இத்த வச்சிக்கினு இருப்ப?" என்றார்.

"அந்தப் பொண்ணு வர்ற வரிக்கும்னு சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியை ஒரு முழம் தள்ளிச் சுவரோரம் சேர்த்து வைத்தார்.

கரண்ட் வந்தது. பல்லி தின்றது. புது வால் முளைத்தது. முள்ளங்கி மாதிரி, புள்ளி தாறுமாறாக. வேறு ஏதோ ஒன்றின் வாலை எடுத்து ஒட்டின மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலும் இப்போது பல்லி சத்தம் இல்லை. அவளுடைய முதல் வாய்ஸைத்தான் தினமும் போடுகிறேன். கடைசி வாய்ஸைப் போடுவதில்லை.

தை மாதம் முதலாளிக்குப் பேசப் பாறைக்கு ஏறினேன். பேசி முடித்து, சும்மா அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். நான் போட்ட வாய்ஸுக்குக் கீழே இரண்டு டிக் இருந்தது. நீலமாக.

கேட்டாயிற்று.

"எங்கனா கடையில குடுத்து லாக்கை எடுத்திருப்பானுங்க" என்றார் வீட்டுக்காரர். இருக்கலாம். அவளுடைய அண்ணன் நம்பர் என் போனில் இருக்கிறது. கேட்டால் சொல்வார். நான் கேட்கவில்லை.

அன்றைக்குப் பாறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனை வாய்க்குக் கிட்டே வைத்து, "வாலு மொளச்சிடுச்சு பாப்பா. நல்லா தின்னுது" என்று சொன்னேன். இறங்கி வரும் வழியில் கல்லைப் புரட்டி நாலு சுவர்க்கோழி பிடித்துக்கொண்டேன்.