அம்மா கோல்வேயில் இருந்த நாட்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா தன்னந்தனியாக அயர்லாந்துக்குப் போனார். கனடாவில், நாங்கள் இருந்த ஸ்காபரோவில், எங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாரம் வேறு பேச்சே இருக்கவில்லை.

உண்மையில் போவதாக இருந்தது அம்மாவும் அப்பாவும். அப்பாவோடு ஊரில் படித்த ஒருவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோல்வே என்ற நகரத்தில் இருந்தார். தேவாலயத்தில் தன் மகளின் முதல் நன்மைக்கு இருவரையும் அழைத்திருந்தார். கல்யாணம் கட்டிய பிறகு அவர்கள் இருவர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. என்னை மாமி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. அந்த நண்பருக்கு வேலை இங்கிலாந்துக்கு மாறி, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். அப்பா வேலை செய்த குளிர்பதனக் கிடங்கில், கொடுத்த லீவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விமான ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பெயரை மாற்றவும் முடியாது.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா பருப்பைக் கழுவிக்கொண்டே, "அப்ப நான் போட்டு வாறன்" என்றார், கீழே கடைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாதிரி.

செய்தி கேட்டு மாமி அன்று மாலையே வந்துவிட்டார். மாமி அப்பாவின் அக்கா. இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் முடிவாகும்.

"அங்கை ஆரை உனக்குத் தெரியும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒருத்தரையும் தெரியாது மச்சாள்" என்றார் அம்மா.

அதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்து போனது. மாமி அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். அங்கே முழுநாளும் யாராவது கூப்பிட்டபடி இருப்பார்கள். தமிழ்க் கடைகள் இருந்த பிளாசாவில் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கப் போனால் தெரிந்த முகங்கள் மறித்து மறித்து, வெளியே வர ஒரு மணித்தியாலம் ஆகும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் அப்படித்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அம்மாவுக்கு அது எப்படி இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

மாமி இரண்டாம் கோப்பையை வைத்த பிறகு, "போட்டு வரட்டுமே அக்கா" என்றார் அப்பா.

எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடியில். பால்கனியில் நின்று வலது மூலையில் எட்டிப் பார்த்தால், கட்டடங்களுக்கு இடையில் ஒன்ராறியோ ஏரி ஒரு நாடா அளவுக்குத் தெரியும். அந்த நாடாவுக்கு அந்தப் பக்கம் கோல்வே இருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பக்கம் இருந்தது அமெரிக்கா. ஆனால் அந்த வாரம் முழுவதும் அமெரிக்கா அங்கே இல்லை.

அம்மா தங்கிய விடுதியில் மட்டும்தான் இணையம் கிடைத்தது. நான் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். ஆனாலும் வெளிச்சம் போயிருக்காது. மே மாதம். "சூரியன் போக மனமில்லாமல் நிக்குது பிள்ளை" என்பார் அம்மா. எங்கள் மேசையில் இருந்த கைபேசிக்குள் அந்த வெளிச்சம் ஒரு மஞ்சள் துண்டாகத் தெரியும். அதன் ஓரத்தில் அம்மாவின் காதும் பாதிக் கன்னமும் தெரியும். முகம் முழுவதும் தெரியும்படி பிடிக்க அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.

அவர் சொன்னவற்றை வைத்து நான் ஒரு நகரத்தைக் கட்டினேன். நீலம், மஞ்சள், சிவப்பு என்று கதவுகளுக்கும் கடைகளுக்கும் வர்ணம் பூசிய ஒடுங்கிய தெருக்கள். ஊருக்கு நடுவில் அவசரமாக ஓடும் ஓர் ஆறு. அது கடலில் சேரும் இடத்தில் கூட்டமாக அன்னங்கள். தெருவில் நின்று வயலின் வாசிக்கும் ஒரு பெண், அவளுக்கு முன்னால் குடையைப் பிடித்தபடி ஒரு நாய். அந்த நாய் நான் சேர்த்தது. மழை வரும், போகும், யாரும் ஓடமாட்டார்கள். பாடசாலைப் பேருந்தின் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வரும்போது, காப்புறுதிக் கடையும் நகைக்கடையும் உணவகமும் வரிசையாக இருந்த எங்கள் பிளாசாவுக்கு நான் நீலமும் மஞ்சளும் பூசிவிடுவேன். பார்க்கிங்கில் தேங்கிய மழைத்தண்ணீரில் இரண்டு அன்னங்களை விடுவேன். வீடு வந்து சேரும்போது நான் எந்த ஊரில் இறங்குகிறேன் என்பது கொஞ்சம் குழம்பிப் போயிருக்கும்.

இரண்டாம் நாள் அம்மா கடற்கரையோரமாக நீளத்துக்கு நடந்ததைச் சொன்னார்.

"கடைசியிலை ஒரு மதில் இருக்கு. நடந்து வாற எல்லாரும் அதைக் காலாலை ஒரு தட்டுத் தட்டிப்போட்டுத்தான் திரும்பினம்."

"ஏன், அம்மா?"

"நானும் கேட்டனான். ஒருத்தருக்கும் வடிவாய்த் தெரியேல்லை. நானும் தட்டிப்போட்டு வந்தனான்." சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். வீட்டில் நான் கேட்காத சிரிப்பு அது. தொண்டையில் இருந்து இல்லாமல் இன்னும் கீழே எங்கிருந்தோ வந்தது.

அன்று மாலை அப்பாவும் நானும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனோம். பிளாசாவின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட சுவர், குப்பைத் தொட்டிகள் வரை போகும். அதன் முடிவுவரை நடந்து போய் நான் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பாண் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, வேலைச் சப்பாத்தால் மெல்ல ஒரு தட்டு. "சரி, இனித் திரும்பலாம்" என்றார், பெரிய கடமை ஒன்றை முடித்தவர்போல.

மூன்றாம் நாள் அம்மா படகில் ஒரு தீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் திரும்பி வந்து கூப்பிடுவேன் என்றார். கூப்பிடவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்பா வேலையால் வந்து கைபேசியை மேசை நடுவில் வைத்தார். மாமி புட்டோடு வந்தார். அவரோடு வந்த மாமா விடுதிக்கு அழைத்துப் பேசினார். பை அறையில் இருக்கிறது, ஆளைக் காணவில்லை என்றார்கள்.

"கடல் எண்டது..." என்று தொடங்கிய மாமி, என்னைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

அப்பா சோற்றுப் பானையைக் கழுவினார். கழுவிய பானையை மறுபடியும் கழுவினார். கதிரையில் அம்மா விட்டுப்போன மேலங்கி தொங்கியது. அதை எடுத்து மடித்தார். மடித்ததை விரித்துப் பழையபடி தொங்கவிட்டார். நான் பால்கனி மூலையில் நின்று ஏரி நாடாவைப் பார்த்தேன். அது மங்கி, வானத்தோடு சேர்ந்து, இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அம்மா தண்ணீரில் விழுந்திருப்பார் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. எனக்கு வந்தது வேறு பயம். அந்த ஊர் அம்மாவை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு நீலக் கதவு திறந்தது, அம்மா உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவருக்கு வேறு ஒரு மேசை, வேறு ஒரு பிள்ளை. என் பெயரைச் சொன்னால் யோசித்துப் பார்ப்பார். அப்படி நினைத்தபடியே சோபாவில் படுத்துத் தூங்கிவிட்டேன். தூக்கத்திலும் அந்தக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தபோது எங்களுக்கு விடிந்து கொஞ்ச நேரம். மாமி போகாமல் நின்றிருந்தார். அப்பா கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். பிறகு அதைக் கையில் எடுத்தார், பிறகு மறுபடியும் வைத்தார்.

"நான்தான். பயந்துபோனியளோ?" என்றது அம்மாவின் குரல்.

"எங்கை பிள்ளை நிண்டனி?" மாமி குனிந்து கைபேசியிடம் கத்தினார்.

"தீவிலைதான் மச்சாள். சைக்கிள் வாடகைக்கு எடுத்து மற்றக் கரை மட்டும் ஓடிப்போட்டன். திரும்பி வரேக்கை, நான் பள்ளத்திலை இறங்கிறன், படகு வெளிக்கிட்டிட்டுது. இஞ்சை ஒரு வீட்டிலை அறை தந்தவை. போனிலையும் சார்ஜ் இல்லை. இது அந்த மனிசியின்ரை போன்."

"கத்திக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார் அம்மா. "பாத்துக்கொண்டு நிண்டிட்டன். வடிவாய்ப் போச்சு."

மாமி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்கள் கேக்கேல்லையே" என்றார் அம்மா. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போன்ற குரல்.

"தம்பி, உடனை ரிக்கற்றை மாத்திக்கொண்டு வரச் சொல்லு" என்றார் மாமி.

அப்பாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. "சாப்பிட்டீரோ?" என்றார்.

"ஓம். கிழங்கும் மீனும் தந்தவ."

"குளிரோ?"

"காத்துத்தான்."

"வடிவாய்ப் போர்த்துக்கொள்ளும். மிச்ச நாளையும் ஆறுதலாய்ப் பாத்திட்டு வாரும்."

மாமி புட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் காலை உணவை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய் அழுதேன். அம்மா உயிரோடு இருக்கிறார், அது சரி. ஆனால் உடனே வா என்று சொல்ல ஒரு ஆள்கூட இந்த வீட்டில் இல்லையே! அப்பாவுக்கு அம்மா தேவையில்லையா? பள்ளிக்கூடப் பேருந்துக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. என் கையைப் பிடித்திருந்த விதத்திலேயே அவர் நினைப்பு எங்கோ போயிருந்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு நட்டம். அழைப்பு வந்ததும் நான் இரண்டு வார்த்தை பேச முதல், "கொஞ்சம் தா பிள்ளை" என்று அப்பா வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். கண்ணாடிக் கதவு சாத்தப்படும். அப்பா அதிகம் கதைக்கிறவர் அல்ல. அங்கேயும் கதைக்கவில்லை. "பிறகு?" என்பார். கொஞ்ச நேரம் கேட்பார். "பிறகு என்ன செய்தனீர்?" என்பார். கடலுக்கு மேலே செங்குத்தாக நின்ற மலைமுகடுகளை அம்மா பேருந்தில் போய்ப் பார்த்த நாளில், காற்று அடித்துப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லையாம். அதனால் அம்மா அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அலை வந்து மோதும், பிறகு நீண்ட இழுவை, ஏதோ பறவைகள். அப்பா அதைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கள் பார்க்கிங்கைப் பார்த்தபடி நின்றார். நான் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்தேன். அது எனக்கு வந்த கடல் என்று எனக்குத் தோன்றியது. என் அம்மா, என் நேரம், இப்போது என் கடலும்.

அம்மா திரும்பும் நாளில் அப்பா காலையிலேயே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். சவரம் செய்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டு, கன்னத்தில் விட்டுப்போன ஓர் இடத்தை மீண்டும் சவரம் செய்தார். கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டார். யாராவது பெரிய ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டேன். "இல்லையே" என்றார்.

விமான நிலையத்தில் கதவுகள் திறந்து திறந்து மூடின. ஒருமுறை திறந்தபோது அம்மா வந்தார். மூக்கின் மேல் தோல் வெயிலில் உரிந்திருந்தது. நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவரில் வேறு ஏதோ சவர்க்கார வாசனை. அம்மா என் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என் பெயரைச் சொன்னார்.

அப்பா இரண்டு அடி தள்ளியே நின்றார்.

"வந்திட்டீரோ" என்றார்.

"ஓம்" என்றார் அம்மா, நிலத்தைப் பார்த்து.

அவ்வளவுதான். அப்பா பையை வாங்கினார். வாங்கும்போது இருவரின் கைகளும் பட்டு, இருவரும் ஒரே நேரத்தில் பையை விட்டுவிட்டார்கள். பை விழுந்தது. காரில் ஏறியும் பேச்சு இல்லை. அப்பா ஹீற்றரைக் கூட்டிவிட்டு, கூடப்போச்சோ என்று கேட்டுக் குறைத்தார். அம்மா தலைமுடியை ஒதுக்கினார், மடியில் கைகளை மாற்றி மாற்றி வைத்தார். அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பிக் குலுங்கியது எனக்கு அவருடைய பின்கழுத்தில் தெரிந்தது. அது சிரிப்பென்று அப்போது நான் நினைக்கவில்லை, அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். வருடக்கணக்காக ஓடிய நெடுஞ்சாலையில், எங்கள் வீட்டுக்கு இறங்கும் இடத்தை அப்பா தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார். அம்மா அதைச் சொல்லவில்லை.

பெரிய சண்டைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எல்லாம் அந்தப் படகாலும் சைக்கிளாலும் வந்தது. இரண்டு பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குக் கோபமாக இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்துவைக்க இந்தக் காரில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் பின் இருக்கையில் கண்ணை மூடி, கையைக் கூப்பி, அவர்கள் சமாதானமாக வேண்டும் என்று மாதாவுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லத் தொடங்கினேன். அது போதாது என்று பட்டு, இன்னொன்றும் சொன்னேன்.