உப்பேறிய பை

பொத்தேரி ரயில் நிலையத்துக்கு அருகே, மாணவர் விடுதிகளின் நடுவே, பைகளைக் கழுவியும் தைத்தும் தருவது வேண்டாவின் பிழைப்பு. நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்ததால் வீட்டார் இட்ட பெயர் அது. கைக்கு வந்த பையை முதலில் உட்புறம் வெளியே வரத் திருப்பி உதறுவாள். வெதுவெதுப்பான நீரில் சிறிது ஷாம்பு கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தையலோரங்களைத் தேய்ப்பாள். தோள்வாரை முறுக்கிப் பிழியவே மாட்டாள். துண்டில் பொதிந்து ஒற்றியெடுத்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுவாள். பைக்குள் கிடப்பவை, கிழிந்த பேருந்துச் சீட்டே ஆனாலும், தனி உறையில் இருந்தது இருந்தபடி உரியவரிடம் திரும்பும். அவற்றில் கைவைப்பதில்லை என்பது அவள் பதினோராண்டாய்க் காத்துவந்த நோன்பு.

"இன்னாக்கா, பையெல்லாம் குளிப்பாட்டி வுடறியே, எனக்கும் ஒரு முழுக்குப் போடேன்" என்று பக்கத்து மெஸ்காரன் கலைவாணன் சீண்டினான்.

"உன் அழுக்குக்கு இந்த டப் பத்தாது. ஏரிக்குப் போ."

சிரிப்பு அடங்குமுன் ஒருவர் வந்து நின்றார். நீலப் பையொன்றை இரு கையாலும் ஏந்தியிருந்தார்.

"ஜிப் நகர மாட்டேங்குதும்மா. வெட்டாம திறக்கணும்."

"கடல் தண்ணி பட்டுதா சார்? ரன்னர்ல உப்பு பூத்துகினு கீது. இழுத்தா பல்லு போயிடும். வெச்சுட்டுப் போங்க."

அவர் போகவில்லை. பெயர் லட்சுமணன், புதுப்பட்டினத்தில் வீடு, கல்பாக்கத்தில் வேலை. பை அவருடைய மகன் நிதினுடையது. பொத்தேரிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தவன். மதிப்பெண்ணைச் சொல்லித் தாய் தெய்வநாயகி கடிந்துகொண்ட ஒரு காலையில், இட்டிலியைத் தொடாமல், அவள் நீட்டிய மதியச் சோற்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். கல்லூரிக்குப் போகாமல் மாமல்லபுரத்தில் நண்பர்களோடு நண்பகலில் கடலில் இறங்கினான், உயிரோடு மீளவில்லை. கரையில் கிடந்த பையை அலை நனைத்தது. அஞ்சிய நண்பனொருவன் அதை விடுதிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்து, பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் கொண்டுவந்து கொடுத்தான்.

"அவன் போன நாள்லேருந்து அவ சோறு தொடலம்மா. வெறும் கஞ்சித் தண்ணி. 'பசியோடவா போனான்?' அது ஒண்ணுதான் கேக்கறா. டப்பாவைப் பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க துன்னீங்களா சார்?"

"அவ சாப்பிடாம நான் எப்படிம்மா? நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

அன்று முழுதும் வேண்டா வேறு பையைத் தொடவில்லை. வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பைக் கரைத்தாள், துடைத்தாள், மெழுகுவத்தியைத் தேய்த்தாள். பொழுது சாயும் வேளையில் ரன்னர் ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. ஒட்டிப்போன நோட்டுகளுக்கடியில் எவர்சில்வர் டப்பா இருந்தது. தூக்கியதுமே கனம் சொல்லிவிட்டது.

திறந்தாள். பூஞ்சணம் பூத்துக் கறுத்த சோறு, ஒரு பிடியும் குறையாமல்.

"திருவிடந்தைப் பெருமாளே, அந்தம்மாவுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

பிறகு கடைக்குப் பின்னே குழிதோண்டிச் சோற்றைப் புதைத்தாள். புளியும் சோப்புமாக மும்முறை தேய்த்து, வாடை முற்றும் போன பின்னரே டப்பாவை உறையில் இட்டாள். நோன்பு அன்று முறிந்தது.

மறுநாள் நண்பகலில் இருவரும் வந்தனர். தெய்வநாயகியின் சேலை தோளெலும்பில் தொங்கியது. வேண்டா டப்பா இருந்த உறையை நீட்டினாள்.

"காலியாத்தாம்மா இருந்திச்சு. புள்ள துன்னுட்டுத்தான் போயிருக்கு."

லட்சுமணன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். கலைவாணன் அவரை முகங்கழுவ அழைத்துப் போனான். தெய்வநாயகி டப்பாவைத் திறந்தாள், உள்விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவினாள், முகர்ந்தாள்.

"பளபளன்னு இருக்கே."

"இன்னாம்மா?"

"மூணு வருஷமா எச்சில் டப்பாவைத்தான் கொண்டுவந்து போடுவான். ஒரு நாளாவது தண்ணி ஊத்தி வைடான்னு தெனம் கத்துவேன்."

எதையும் மாசறத் துடைத்தே பழகிய வேண்டாவுக்கு, நேற்று ஒரு பருக்கையையாவது விட்டுவைக்கத் தோன்றவில்லை.

"சோறு முழுசா இருந்துதா அக்கா?"

பொய் வாய்வரை வந்தது; அந்தக் கண்களின் முன்னே நிற்கவில்லை. வேண்டா குனிந்தபடி ஆமென்று தலையசைத்தாள்.

தெய்வநாயகி அழவில்லை. மூடியை வைத்து அழுத்தினாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நம்பிட்டாரு."

லட்சுமணன் ஈர முகத்தோடு திரும்பிவந்தார். "தெய்வா, இப்பவாவது ரெண்டு வாய் சாப்பிடேன்."

அவள் எழுந்து மெஸ்ஸுக்குள் போனாள். கலைவாணன் இலை போட்டான். வேண்டா தன் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி சோற்றைப் பிசைந்தாள்; கண்ணை இறுக மூடி ஒவ்வொரு கவளமாக விழுங்கினாள். அவள் உண்பதைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, எதிரே அமர்ந்த லட்சுமணனும் இலையில் கைவைத்தார்.

"சோறு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

தெய்வநாயகியின் இடக்கை மடியிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.