ஜெனரேட்டர் வரிசையில் ஆறாவது வீடு

தானே புயல் அடித்த மார்கழியில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூரையில் பாதி ஷீட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதிக்குக் கீழேதான் சமையலும் படுக்கையும். பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், விழுந்த மரங்களை அறுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. பனி இறங்கினால் மூச்சு இழுக்கும். "ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி ஓடி வராதம்மா" என்று சிதம்பரத்து டாக்டரம்மா சொல்லி வாங்கிய, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷின் வீட்டில் இருந்தது. மருந்தும் இருந்தது. கரண்ட் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பூஜையா?

ஒரு நாள் காலை, விலா உள்ளே போகப் போக இழுத்தாள். உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் வண்டி தெருவுக்குள் வந்தது. ஒரு வீட்டு மோட்டாருக்கு அரை மணி நேரம் ஒயர் கொடுப்பார்கள்; தொட்டியில் ஏறின வரைக்கும் தண்ணீர். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் மெஷினுமாக ஓடினேன். என் முறை ஆறாவது.

முதல் ஆள் பக்கத்து வீட்டு அக்கா. அவரோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவர் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி எங்கள் பக்கம் விழுந்ததற்குத் தெருவே கூடும்படி கத்தியவள் நான். அவர் மாமியார் படுத்த படுக்கை, துணி அலசத் தண்ணீர் இல்லை என்பதும் தெரியும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது நான் மானம் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

அவர்தான் திரும்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி! கொழந்தைக்கு ஒதடு வெளுத்துக் கெடக்கு, நீ என்னா வேடிக்கை பாக்குற? தம்பி, ஒயர அவ வூட்டுக்குப் போடுப்பா!"

"யக்கா, ஒரு ஆளுக்கு அரை மணிதான். அப்பறம் உங்களுக்கு நேரம் இல்ல" என்றார் வண்டிக்காரர்.

"இல்லன்னா போவுது. போடுன்றேன்ல!"

நான் மருந்தை ஊற்றினேன்; அக்கா மகளை மடியில் போட்டு மாஸ்க்கைப் பிடித்தார். ஒரு தடவை போதவில்லை, இரண்டாவதும் வைத்தோம். அரை மணி முடிகிறபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். ஓவென்று அழுதுவிட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்ன நீ கத்துன கத்துக்கு உனக்குத்தான்டி மூச்சு வாங்கியிருக்கணும்" என்றார் அக்கா.

ஒயர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அவர் தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை. மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்ததும் தெருக்கோடிக் கைப்பம்பில் அடித்து, அவர் வீட்டு அண்டாவில் குடம் குடமாக ஊற்றினேன். கரண்ட் வரும்வரை தினமும் அவர் வீட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் எங்களுக்கு. என் பிள்ளையின் மூச்சைத் திருப்பித் தந்தவருக்கு அது ஒரு கைம்மாறா?

அந்த முருங்கையும் புயலில் சாய்ந்திருந்தது. தை மாதம் அக்கா அதிலிருந்து ஒரு போத்து வெட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார்.

"எங்க நடட்டும்? நீயே சொல்லிடு, அப்பறம் கத்தாத."

"எங்க பக்கமே நடுங்கக்கா."

"பூச்சி வுழுமே?"

"வுழட்டும்" என்றேன்.