குருநாதன் வாயில் மூன்று வேர்கள்

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஐஸ் கம்பெனிச் சந்தில், இருபத்தாறு வருஷமாகக் குருநாதன் பல் கட்டிக்கொண்டிருந்தார். பலகையில் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளவில்லை; அந்த அளவுக்குப் போலீஸ் பயம் இருந்தது. ‘பல் நிபுணர்’ என்று போட்டுக்கொண்டார். மிச்சத்தை ஊரே கொடுத்துவிட்டது. காற்று கொஞ்சம் திசை மாறினாலும் மூக்கைத் தூக்கிக் கண்டுபிடித்துவிடுகிற ஜனம், இந்த மனிதரிடம் மட்டும் ‘எங்கே படித்தீர்’ என்று ஒருநாளும் கேட்கவில்லை.

படித்தது பரமக்குடியில். ஒரு பல்செட் கடையில் இரண்டு வருஷம் அச்சு எடுக்கிற மாவு குழைத்தார். ஒருநாள் முதலாளி குறட்டைக் கையில் கொடுத்து, ஒரு பெரியவரின் ஆடுகிற பல்லைப் பிடுங்கச் சொன்னார். ரத்தம் வந்தபோது பெரியவர் கல்லுப் போல உட்கார்ந்திருந்தார். மயங்கி விழுந்தது குருநாதன்தான்.

பிடுங்க முடியாதவன் பல் தொழில் செய்வது எப்படி? அதற்கு ஒரு சித்தாந்தமே உண்டாக்கினார். உடைந்த பல்லை ஈறு மட்டத்துக்கு அரத்தால் ராவி, வேரை உள்ளேயே விட்டு, மேலே ரோஸ் நிறப் பசையை அப்பி, பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டிப் புதுப்பல்லை நிறுத்திவிடுவார். யாராவது சந்தேகப்பட்டால் பதில் தயாராக இருந்தது.

“வள்ளத்துல பலகை உளுத்துப்போனா என்னலே செய்யிறீக? பலகையக் கழட்டுறீகளா, மேல பைபர் அடிக்கிறீகளா?”

“பைபர்தான் அடிக்கிறோம்.”

“அம்புட்டுத்தான். வாயத் தொற.”

திறந்தார்கள். அந்தக் கரையில் பாதி வள்ளங்கள் அப்படித்தான் மிதந்தன. வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். படகுக்குச் செய்த தப்பையே தாடைக்கும் செய்துகொண்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் குருநாதன் சொல்வார்: “மீன் மண்டைக. எதைச் சொன்னாலும் ஆட்டும்.” படித்த டாக்டர்கள் மேல் அதைவிட இளக்காரம். “அஞ்சு வருஷம் படிச்சிட்டு வந்து புடுங்குறானுக. புடுங்குறதுக்குக் காலேஜ் எதுக்கு?”

ஏழு வருஷத்துக்கு முன்னால் மொபட்டிலிருந்து விழுந்து அவருடைய மேல்வரிசை முன்பல் மூன்று முறிந்தன. கண்ணாடி முன்னால் நின்று தன் வாய்க்கும் அதே வேலையைச் செய்துகொண்டார். செய்தது பயத்தில். சொல்லிக்கொண்டது கொள்கை என்று.

இந்த மாசியில் மேலுதடு பேத்தை மீன் மாதிரி உப்பிற்று. மருந்துக்கடை மாத்திரையை மூன்று நாள் விழுங்கினார். நாலாம் நாள் வீக்கம் கண்ணுக்குக் கீழ்வரை ஏறிற்று. வாய்நாற்றம் அவருக்கே பொறுக்கவில்லை.

மனைவி ராமலெட்சுமி கஞ்சியை வைத்துவிட்டு எட்டி நின்றாள். “ஊரு வாயெல்லாம் ஒங்க கையில. ஒங்க வாய ஆருகிட்டக் காட்டப்போறீக?”

“ஆராவது பாத்தா கடைய மூடணும்டி.”

“பாக்காட்டி பொட்டியில வச்சு மூடணும். கெளம்புங்க.”

ராமநாதபுரத்துக்குக் கிளம்பினார். பக்கத்து ஊரான மண்டபத்தில் தெரிந்தவன் எவனாவது இருப்பான். முகத்தில் மாஸ்க், ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பாண்டீஸ்வரன்’ என்று பெயர்.

அங்கே இருந்த பல் டாக்டர் யும்னாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். மூன்று வேர்கள், அவற்றின் நுனியைச் சுற்றிக் கறுப்புத் திட்டு.

“எலும்பை அரிச்சிருக்கு. யார் கட்டுனது?”

“மதுரையில ஒருத்தன்.”

“மதுரையா? பாம்பன் பக்கமிருந்து மாசம் நாலு பேர் வர்றாங்க. இதே மாதிரி அரத்தால ராவினது, இதே கம்பி. ஈறைப் பார்த்தாலே எனக்கு அந்த ஆள் கை தெரியும்.”

குருநாதன் விறைத்தார். “வேர வச்சே பல்லுக் கட்டலாம்னு பெரிய பெரிய டாக்டருகளே சொல்றாகளாமே?”

“நல்ல வேரா இருந்தா, உள்ளே சுத்தம் பண்ணி அடைச்சு, வச்சுக்கலாம். இது அழுகின வேர். இன்னைக்கே எடுத்தாகணும்.”

“வெளிய போயி ஒரு நிமிசம் யோசிச்சிட்டு வாரேன்,” என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. தட்டில் கிடந்த குறடு கண்ணில் பட்டுவிட்டது.

வெளியே, கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு லீமாரோஸ் உட்கார்ந்திருந்தாள். பாம்பனில் கருவாடு விற்கிறவள். நாலு வருஷத்துக்கு முன் அவரிடம் கடைவாய்ப் பல் கட்டியவள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கூப்பிட்டாள்: “பாண்டீஸ்வரன்! மாஸ்க் போட்ட அண்ணே, ஒங்களத்தான். யோசிச்சாச்சா?”

லீமாரோஸ் குனிந்து பார்த்தாள். “மாதாவே! நம்ம பல்டாக்டரு!”

“சத்தம் போடாத தாயி. டாக்டரும் டாக்டரும் பேசுற விசயம்.”

“பேர மாத்தி வச்சுக்கிட்டா பேசுவாக? பதினஞ்சு நாளைக்கு முந்தி ஒங்ககிட்டத்தானய்யா வந்தேன்? சூடு, மோரு குடின்னீக. இங்கன நீங்க என்ன, மோரு குடிக்கவா வந்தீக?”

நாலு நாற்காலி சிரித்தது. லீமாரோஸ் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். “எடுக்கணும்கிறாக. எனக்குச் சக்கரை வேற, பயமா இருக்கு. இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுங்க. எடுக்கவா, வேண்டாமா?”

எடு என்றால் பொழுது சாய்வதற்குள் பாம்பன் முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் இவள் சீழோடு வீட்டுக்குப் போவாள். குருநாதன் இரண்டையும் நினைக்கவில்லை. உள்ளே தட்டில் கிடந்த குறட்டை நினைத்தார்.

“நீ மொதல்ல போயிட்டு வா,” என்றார். “வலிக்குதான்னு பாத்துச் சொல்லு.”

கெட்டுப்போன மீனைக் கூடையிலிருந்து ஒதுக்குகிற பார்வை ஒன்று பார்த்தாள். “இம்புட்டுத்தானா நீங்க?” என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

சர்க்கரை சோதித்து, ஊசி போட்டு, எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் குருநாதன் அலறலுக்காகக் காது கொடுத்திருந்தார். வரவில்லை. பஞ்சைக் கடித்தபடி வந்தாள்.

“ஊசிதான் சுருக்குன்னுச்சு. போங்க. ஓடுனீகன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெரட்டுவேன்.”

போனார். ஊசி இறங்கியதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்றார். உதடு கல்லாக மரத்து, முதல் வேர் தட்டில் விழுந்தபோது, கதவுக்கு வெளியே அவள் போனில் பேசுவது கேட்டது. பஞ்சு வாய்க்குள் இருந்தும் குரல் சந்தை வரைக்கும் எட்டும்.

“ஏ ஜோஸ்லின், நம்ம பல்டாக்டரு இங்கன வேரு புடுங்கக் கெடக்காருடி... சத்தியமா அவருதான்... ஒங்க மாமியாளையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே வா. அவருகிட்டக் கட்டுனவுக அம்புட்டுப் பேருக்கும் சொல்லு.”

குருநாதன் எழப் பார்த்தார். மறுத்துச் சொல்ல நினைத்ததெல்லாம் எச்சிலாகத் தாடையில் வழிந்தது.

யும்னா அவர் நெற்றியை ஒரு கையால் அழுத்தினார். “அசையாதீங்க, பல்டாக்டர். இன்னும் ரெண்டு இருக்கு.”