இரண்டு டி.வி., ஒரு ரிமோட்

நல்லூரில் நாங்கள் குடியிருக்கும், நாலு வீடு ஒட்டினாற்போல வரிசையாக நிற்கும் லைன் வீட்டில் எங்கள் டி.வி.யும் பக்கத்து வீட்டு டி.வி.யும் ஒரே கேபிள் பாக்ஸில்தான் ஓடின. பாக்ஸும் எங்கள் வீட்டில், ரிமோட்டும் எங்கள் வீட்டில். நான் எந்தச் சேனல் வைக்கிறேனோ அதுதான் சுவருக்கு அந்தப்பக்கமும் தெரியும். கேபிள்காரருக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார். ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு. ஜன்னல் கம்பி வழியாக ஒயரை இழுத்து ஒன்றை இரண்டாக்கிக்கொள்வோம்.

பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த புருஷன் பொண்டாட்டி. அவன் நிட்டிங் யூனிட்டில் மிஷின் ஓட்டுகிறான். அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் வேலைக்கு வேண்டாமென்று அவன் நிறுத்திவிட்டான். அவன் மிஷினுக்குப் போய்விட்டால், நான் வேலை விட்டு வந்த பிறகு, அவளுக்கு இருந்த துணை நானும் அந்த டி.வி.யும்தான். அவன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வாசலில் நின்று, "அக்கா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிசகில்லாத தமிழில் சொல்லக் கற்றிருந்தான். நானும் ஒவ்வொரு முறையும், "நீ போ கண்ணு, நா இருக்கறேன்" என்பேன்.

ஒயர் இழுத்த அன்று என் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு ஏற்பாடு சொல்லிக் கொடுத்தார். சேனல் மாற்ற வேண்டுமென்றால் சுவரில் ஒரு தட்டு. அதுவே இருக்கட்டும் என்றால் இரண்டு தட்டு. கையாலேயே செய்து காட்டினார். "ஏனுங்க, நானென்ன அவளுக்கு ரிமோட்டுங்களா, ஆப்பரேட்டருங்களா?" என்று நான் கத்தினேன். "வெச்சா என்ன புள்ள, கரண்டா தேஞ்சு போயிரும்?" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. தட்டுச் சத்தம் கேட்காவிட்டால் என்னமோ போலிருந்தது.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. முதல் நாள் ஒரு தட்டு வந்தது. வடக்கத்திப் பிள்ளையாயிற்றே என்று ஒரு ஹிந்திச் சேனலை வைத்தேன். இரண்டு தட்டு வந்தது. சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அதிலிருந்து தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு அரைமணி நேரம் ஹிந்தித் தொடர். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பேன். நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். பச்சைச் சேலைக்காரிதான் வில்லி, கண்ணாடி போட்டவன் அவளுடைய தம்பி. நாலு மாதம் ஓடிய பிறகு, தண்ணீர் வந்த ஒருநாள் குழாயடியில் வைத்து அவளிடம் கேட்டால், அந்தத் தம்பி பச்சைச் சேலைக்காரியின் புருஷனாம். அதைவிடப் பெரிய கூத்து, இவளுக்கே ஹிந்தி அரைகுறைதானாம். "அக்காக்குப் புடிக்கும்னு நெனச்சேன். அதான் ரெண்டு தட்டு" என்றாள். அவளுக்காக நான் வைக்க, எனக்காக அவள் பார்க்க, ரெண்டு பேருக்கும் வேண்டாத ஒரு தொடர் நாலு மாதம் ஓடியிருக்கிறது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

தமிழை அவள் எங்கள் தொடர்களில்தான் கற்றாள். அதனால் கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் தொடர் வசனம்தான் வரும். நாலாவது வீட்டம்மா வரிசை மீறிக் குடம் வைத்தபோது, "இந்த அநியாயத்தை நான் சும்மா விட மாட்டேன்" என்று மெதுவான குரலில் சொன்னாள். அந்தம்மா மிரண்டுபோய்க் குடத்தை எடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இப்போதும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஷிப்மெண்ட் நெருக்கடி என்று அவனுக்கு லீவு இல்லை. வழக்கம்போல வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அருள்புரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். லைனில் மற்ற இரண்டு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. ஒருவர் சர்ச்சுக்குப் போய் அப்படியே சொந்தக்காரர் வீட்டுக்கு, இன்னொருவர் தென்காசிப் பக்கம் ஊருக்கு.

நான் ஆறு நாளும் செக்கிங்கில் நிற்கிறவள். பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. காலெல்லாம் வீங்கிப்போகும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டிப் படம் பார்ப்பது ஒன்றுதான் எனக்கென்று இருக்கிற நேரம். அதில் யார் குறுக்கே வந்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கும் படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

ஒரு தட்டு.

சரி போகட்டும், பிள்ளைத்தாச்சி ஆசைப்படுகிறாள் என்று பாட்டுச் சேனல் வைத்தேன். மறுபடி ஒரு தட்டு. ஹிந்தி வைத்தேன். மறுபடி தட்டு. சமையல் சேனல், கிரிக்கெட், சாமிப் பாட்டு, செய்தி. ஒவ்வொன்றுக்கும் தட்டு. பிறகு தட்டு ஒன்றா இரண்டா என்றே தெரியவில்லை. கொஞ்சம் வரும், நிற்கும், மூன்று நாலு சேர்ந்து வரும். மூன்று தட்டுக்கு எங்கள் ஏற்பாட்டில் அர்த்தமே கிடையாது. 'இவளுக்கு எந்த எழவுச் சேனல்தான் வேணும்?' என்று எனக்குத் தலை சுற்றியது. ஒருமுறை ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. செய்தியில் யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. எழுந்து போய் உள்ளங்கையால் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். காலண்டர் ஆணியோடு ஆடியது. 'போதும் நிறுத்து' என்று அர்த்தம். தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டாள் என்ற திருப்தியோடு மறுபடி என் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது என்ன படம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

துணி எடுக்க வெளியே வந்தபோது அவள் கதவுக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்திருந்தது. குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிவிட்டாளா என்று திட்டிக்கொண்டேதான் கதவைத் தள்ளினேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. போன் அந்த மூலையில் சார்ஜில் கிடந்தது. ஒரு கை வயிற்றில், இன்னொரு கை சுவரில். எதிரே டி.வி.யில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், சாயந்திரத்துக்குள் பெண்பிள்ளை பிறந்தது. என் முழங்கையளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். "ஏம்மா, வலி வந்ததும் கூட்டிட்டு வரக்கூடாதா? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். நான் அவளுடைய ஈரச் சேலையைப் பையில் திணித்தேன். அவள் புருஷன் பஞ்சுத்தூசி படிந்த தலையோடு ஓடிவந்து என் காலைத் தொட்டான். என் வீட்டுக்காரர், "நீ ஊட்ல இருந்தது நல்லதாப் போச்சு புள்ள" என்றார். அவரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரு தட்டிலிருந்தா, ஏழாவது தட்டிலிருந்தா, என் அடியிலிருந்தா?

இருபது நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். அன்று சாயந்திரம் ஏழு மணிக்கு எதை வைப்பது என்று தெரியாமல் பாட்டுச் சேனல் வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டும் இல்லை. மறுநாளும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அந்த அடியை அவள் மறக்கவில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, ரசம் வைத்த பாத்திரத்தோடு போனேன்.

"ஏங் கண்ணு, இப்பெல்லாம் தட்டறதே இல்ல?" என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா தூங்குதுக்கா. சத்தம் கேட்டா எந்திரிக்கும்" என்றாள். அவ்வளவுதான் காரணம். நான் மன்னிப்புக்கு வருவதற்குள் அவளே பேசினாள். தொடர் வசனம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"அன்னிக்கு நான் தட்டினேன், தட்டினேன். ரொம்ப பயம். செத்துருவேன்னு பயம். அப்புறம் நீங்க தட்டினீங்க அக்கா. பெருசா, ஒரே ஒரு தடவ. அப்ப பயம் போச்சு. அக்காக்குக் கேட்டுருச்சு, அக்கா வருதுன்னு தெரிஞ்சுது. அதான் அப்புறம் நான் தட்டவே இல்ல. உக்காந்து பாப்பாகிட்ட சொல்லிட்டே இருந்தேன், பெரியம்மா வருது, பெரியம்மா வருதுன்னு."

ரசப் பாத்திரம் என் கையிலேயே இருந்தது. செக்கிங்கில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விடாதவள் நான். அவள் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு குறையும் அதில் இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால் யாருடைய பாரம் குறையும், அவளுடையதா என்னுடையதா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"வந்துட்டே இருந்தேன் கண்ணு" என்றேன்.

"தெரியும் அக்கா" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.