டீச்சரம்மா பாத்த கடலு

சேதி தெரியுமா எதுத்தூட்டம்மா? எங்கிட்ட பூனைக்கு மீன் வாங்க மூக்க மூடிக்கினு வருவாங்களே, பெசன்ட் நகர் டீச்சரம்மா, ஒல்லியா, கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கினு, அவங்க கப்பல்ல போய்ட்டு வந்துகீறாங்க. சின்னக் கப்பலாம். தீவு தீவா நிறுத்தி, பழைய கோட்டையெல்லாம் காட்னாங்களாம். காட்டுத் தீவுல எறங்கணும்னா செருப்பக் கழுவணுமாம், வெளியூரு வெதை ஒட்டிக்கினு வந்துடக் கூடாதாம். கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சி.

எங்க ஊட்டுக்காரரு கடல்லயே கெடந்தாரு. பொம்பள ஏறக்கூடாதுன்னு என்ன ஒருநாளும் கட்டுமரத்துல ஏத்தல.

"வாந்தி வரலியாம்மா?"ன்னு கேட்டேன்.

"படுத்துண்டேதான் இருந்தேன் ஆயா"ன்னாங்க. எனக்குக் கொஞ்சம் சந்தோசம். "ஒருநாள் எழுந்து பாத்தேன், எந்தப் பக்கமும் கரையே இல்ல."

அதான் வயிறு எரியுது. அப்டி ஒரு எடம் கீதுன்னு அந்த மனுசன் வாயத் தொறந்து சொல்லவேயில்லயே. இரு, தண்ணி லாரி வந்துட்ச்சி, கொடத்த எடு.